சரண்டர் சர்டிபிகேட்

மூன்றாவது முறையாக ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்கு வந்தபோதும் ரேஷன் கார்டு சூசைராஜின் சட்டைப்பையில்தான் இருந்தது. முதல் இரண்டு முறையும் அது அவரோடு வந்து, வரிசையில் நின்று, அவரோடேயே திரும்பிப் போயிருந்தது.

எழுபத்து நான்காம் வருஷம் அது. வடக்குப்பட்டிலிருந்து அம்பத்தூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர், அங்கே ஒரு போர்ஷன் பிடித்து மனைவி சவரியம்மாளையும் அழைத்துக்கொண்டார். புது ஊரில் கார்டு வேண்டுமென்றால் பழைய கார்டைப் பழைய தாலுகாவில் கொடுத்துவிட்டு ஒரு சான்று வாங்கி வர வேண்டும். அந்தச் சான்றின் பெயர்தான் தொந்தரவு. சரண்டர் சர்டிபிகேட்.

கார்டு இல்லையென்றால் அரிசி இல்லை, சர்க்கரை இல்லை, கிருஷ்ணாயில் இல்லை. சர்க்கரை போடாத காப்பியை மூன்று வாரம் குடித்துப் பார்த்த சவரியம்மாள், டிரங்குப் பெட்டியோடு வல்லத்தில் தம்பி பெரியநாயகம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சர்டிபிகேட் வந்தா நானும் வர்றேன். இல்லாங்காட்டி அந்த வூட்ட நீயே காவல் காத்துக்கினு இரு. வாட்ச்மேன்தான நீ?"

அன்றிலிருந்து சூசைராஜ் காலையில் பன் தின்றார், ராத்திரியும் பன் தின்றார். பன் தின்னும்போது யோசிக்க நிறைய நேரம் இருந்தது. பட்டாளத்தில் இருந்தபோது பர்மாவில் எதிரி ஒரு திசையில்தான் இருந்தான். இங்கே தாலுகா ஆபீஸ் ஒரு முனை, வல்லம் இன்னொரு முனை. நடுவில் தான் ஒரே ஆள்.

ரேஷன் பிரிவு குமாஸ்தா தோத்தாத்ரி அவரைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்தார்.

"வாரும். இன்னிக்காவது சரண்டர் பண்ணப் போறீரா?"

"வார்த்தய மாத்து சார். ஒப்படச்சார்னு தமிழ்ல எழுது, இப்பவே குடுத்துர்றேன்."

"அச்சடிச்ச ஃபாரம் ஓய். நான் எப்படி மாத்தறது?"

"'சரண்டர்ட் பை'ன்னு போட்டுகீது. பட்டாளத்துல அந்த மட்டும் இங்கிலீசு கத்துக்கினேன். அதுக்கு நேரா எம்பேரா? பர்மால ஐராவதி ஆத்துல பாலம் போட்டவன் சார் நானு. குண்டு வந்து வுயும்போது கூட கைய தூக்கல."

பின்னால் நின்ற சரோஜா பொறுமை இழந்தாள். வரிசையில் அவள்தான் அடுத்தவள்.

"யோவ் பெருசு, சண்டய சீக்கிரம் முடி. வூட்ல மூணு கொயந்தைங்கள வுட்டுட்டு வந்துகீறேன்."

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன ரேங்க்?"

"நாயக்."

"நான் ஹவில்தார் கிளார்க். உமக்கு ஒரு படி மேலே. இத்தாலி முனை."

சூசைராஜ் அவருடைய நெற்றித் திருமண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீயா? அங்க இன்னா சார் துன்ன?"

"ரொட்டியும் திராட்சையும். ரெண்டு வருஷம். அதை ஏன் கேக்கறீர்? ஆனா எங்க முனைதான் முதல்ல முடிஞ்சது. மே மாசமே ஜெர்மன்காரன் கையெழுத்துப் போட்டுட்டான்."

"கிளார்க்கு கூட இருந்தா வேல சீக்கிரம் முடியும். எங்களுக்கு ஆகஸ்ட் ஆயிப்போச்சி. நடுவுல மழ வேற."

சரோஜாவே சிரித்துவிட்டாள். சூசைராஜ் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் ரங்கூன்ல ஒரு ஜப்பான் ஆபீசர் கத்திய ரெண்டு கையால நீட்டி சரண்டர் ஆனான் சார். பத்தடி தள்ளி நின்னுகினு இருந்தேன். அவன் மூஞ்சிய பாத்தேன். அந்த மூஞ்சியோட நான் போயி சவரியம்மா எதிர்ல நிக்கணுமா?"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சரோஜா தன் கார்டின் கிழிந்த ஓரத்தை விரலால் நீவினாள்.

தோத்தாத்ரிதான் மறுபடி ஆரம்பித்தார்.

"நானும் ஒருத்தனைப் பார்த்தேன். ஜெர்மன் மேஜர். துப்பாக்கியைக் கொடுத்துட்டான். டைப்ரைட்டரைக் கொடுக்க மாட்டேன்னுட்டான். ரசீது வேணுமாம். எங்ககிட்ட ஃபாரம் தீர்ந்து போச்சு. ஒரு மணி நேரம் அப்படியே நின்னான் ஓய். கடைசில சிகரெட் அட்டைக்குப் பின்னால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிரிச்சுண்டே ஜெயிலுக்குப் போனான்."

"நாடே பூட்சி. அவனுக்கு ரசீது."

"ரசீதாவது மிச்சமாச்சே!"

சூசைராஜ் கார்டை வெளியே எடுத்தார். கை மேசைக்கு மேலே வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அவருக்கே அது யாருடைய கையோ போலத் தோன்றியது.

தோத்தாத்ரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நாயக் சூசைராஜ்! அட்டென்ஷன்!"

ஆபீசே திடுக்கிட்டது. சூசைராஜின் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. மார்பு நிமிர்ந்தது. இரண்டு கைகளும் விறைப்பாகத் தொடையோரம் போய்ச் சேர்ந்தன. கார்டு மட்டும் அவற்றோடு போகாமல் மேசைமேல் விழுந்தது. அது விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அதன்மேல் ரப்பர் ஸ்டாம்ப் இறங்கிவிட்டது.

"எல்லாரும் பார்த்தேளோன்னோ? இவர் கொடுக்கலை. அதுவா விழுந்தது." ஃபாரத்தை முன்னால் தள்ளினார். "கையெழுத்துப் போடும். ஹவில்தார் ஆர்டர்."

"ஆர்டர்னா வேற சார்" என்று சொல்லி சூசைராஜ் கையெழுத்துப் போட்டார்.

"அப்பாடா, சண்ட முடிஞ்சிச்சி. தள்ளுபா" என்றாள் சரோஜா.

வல்லத்தில் பெரியநாயகம் வீட்டு வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சவரியம்மாள் சான்றை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இன்னா எழுதிகீது?"

"சரண்டர்னு."

"யாரு?"

"கார்டு."

அவள் அவருடைய முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அவரும் பார்த்துக்கொண்டு நின்றார். டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராகக் கதவோரம் இருந்தது. எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

"அப்புறம் இன்னாத்துக்கு நின்னுகினே கீற?"

"ரசீது" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெயிலில் வந்ததில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தவள் போல உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். சூசைராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சர்க்கரை தூக்கலாகவே இருந்தது.