பெட்டி அறிந்த குரல்

செகப்பி ஆச்சி அந்தப் பெட்டிக்கு முதல் நாளிலிருந்தே பயந்தாள். காரணம் கேட்டவர்களிடம், "நாம பேசுறத எல்லாம் ஒண்ணு ஒட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றாள். அதைவிடச் சரியாக அந்தப் பெட்டியை எவராலும் விளக்கிவிட முடியாது.

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கணவர் மெய்யப்பன் மலேசியாவின் ஈப்போ நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பகலில் வீட்டில் தங்கமாட்டார். துணைக்கு இருந்தவள் ராக்காயி. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்து, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் ஈப்போவுக்கு வேலை தேடி வந்தவள். அவளும் சந்தைக்குப் போய்விட்டால் மின்விசிறியை நிறுத்தக்கூட ஆளில்லை.

ஆகவே, ரேடியோ பழுதுபார்க்கும் கார்த்திகேசு, சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த மின்பலகை ஒன்றைக் கொண்டு இந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தான். அதில் நான்கு பிளக் துளைகள் இருந்தன. ஒன்று விளக்கு, இரண்டு மின்விசிறி, மூன்று ரேடியோ, நான்கு சமையலறை மணி. முதலில் பெட்டியைக் கூப்பிடும் சொல்லைச் சொல்ல வேண்டும். பிறகு எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் ஓடும்; மறுமுறை சொன்னால் நிற்கும். குரல் புரிந்தால் பச்சை விளக்கு, புரியாவிட்டால் சிவப்பு.

கூப்பிடும் சொல்லில்தான் சிக்கல் வந்தது. முதலில் "முருகா" என்று வைத்தார்கள். ஆச்சி நாளொன்றுக்கு நூறு முறை முருகனை அழைப்பவள். "முருகா, ரெண்டு வெங்காயம் போதும்டி" என்று ராக்காயியிடம் சொன்னால் மின்விசிறி நின்றது.

"நீங்க வாயத் தொறந்து சொல்லவே சொல்லாத வார்த்தையா ஒண்ணு வேணும் ஆச்சி. அப்பத்தான் இது சும்மாச் சும்மா முழிக்காதுலா" என்றான் கார்த்திகேசு.

மெய்யப்பன் செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தவில்லை. "முப்பத்தோரு வருசமா இவ சொல்லாதது ஒண்ணு இருக்கு. என் பேரு."

"சும்மா இருங்க. வெளி ஆள வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது!"

"இல்ல ஆச்சி, முதலாளி சொல்றதுதான் சரி" என்றான் கார்த்திகேசு. அவன் சிரிக்கவில்லை.

மெய்யப்பனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆச்சி சம்மதித்தாள். ஐம்பத்திரண்டு வயதில், சேலைத் தலைப்பால் வாயை மூடி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கணவர் பெயரை மூன்று முறை மூச்சளவில் சொன்னாள். அந்தக் கூச்சம் தீருமுன்பே எண்களையும் அதே குரலில் சொல்லி முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, ஆச்சி."

"முடியாது. அதுக்குத்தான் காது இருக்குல்ல?"

"சரி. ஆனா, எப்பவும் இப்படியேதான் சொல்லணும். இதுக்கு அர்த்தம் தெரியாது, ஓசைதான் தெரியும். குரல் மாறுனா, வேற ஆளுன்னு நெனச்சுக்கும்."

இரண்டு மாதம் ஒரு குறையுமின்றிக் கழிந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மெய்யப்பன் காலையிலேயே சித்தியவானுக்குப் போயிருந்தார். பிற்பகல் மூன்று மணி வாக்கில், அரைத் தூக்கத்தில் இருந்த ஆச்சியின் காதில் ராக்காயியின் முணுமுணுப்பு விழுந்தது. "சே, இதுல கரண்டு இல்ல போல. ஆச்சி, மழைக்கு முந்திப் பசாருக்குப் போயிட்டு வாரேன்." கம்பிக் கதவு வெளியே பூட்டப்படும் ஓசை கேட்டது. திருடருக்குப் பயந்து அவள் எப்போதும் அப்படித்தான் பூட்டிப் போவாள்.

விழித்தபோது மழை பிடித்திருந்தது. ஆச்சி தலைப்பை வாயருகே கொண்டுபோய்ப் பெயரைச் சொன்னாள். பச்சை எரிந்தது. "மூணு" என்றாள். மீண்டும் பச்சை. ரேடியோ மட்டும் பாடவில்லை. அதுவும் கெட்டுப்போயிற்றா என்று அலுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூக்குத்தான் முதலில் விழித்தது. துணி கருகும் வாடை.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. அலமாரிக் கண்ணாடியில், கால்மாட்டுக்கு அப்பால் இருந்த மேசை தெரிந்தது. மேசைமேல் மெய்யப்பனின் வெள்ளைச் சட்டை. அதன்மேல் குப்புறக் கிடந்த இஸ்திரி. அதன் வயர் பெட்டியின் மூன்றாம் துளைக்குள் போயிருந்தது. ரேடியோவின் பிளக் தரையில் கிடந்தது.

ஆச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராக்காயி ரேடியோவைக் கழற்றிவிட்டு அங்கே இஸ்திரியைச் செருகியிருக்கிறாள். ஆச்சியின் குரலுக்கன்றி அந்தத் துளையில் மின்சாரம் வராதென்பது அவளுக்குத் தெரியாது. சூடேறாத இஸ்திரியைச் சட்டைமேலேயே விட்டுப் போயிருக்கிறாள். அதைச் சூடேற்றியது ஆச்சியின் வாய்.

"மூணு! மூணு!" என்று கத்தினாள். விளக்கு எரியவேயில்லை. கூப்பிடும் சொல் வேண்டும்.

"மெய்யப்பா!"

வாழ்நாளில் முதன்முறையாக அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். சிவப்பு.

"மெய்யப்பா! ஐயோ, மெய்யப்பா!"

சிவப்பு. மீண்டும் சிவப்பு. அலறியவளைப் பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை.

சட்டையிலிருந்து எழுந்த புகை கூரையை நோக்கிப் போய், மின்விசிறிக் காற்றில் கலைந்து அவள் முகத்துக்கே திரும்பியது. மேசையின் ஓரம் சன்னல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ராக்காயி!" என்றாள். "யாராச்சும் வாங்களேன்!" என்றாள். தகரக் கூரையில் மழை இரைந்தது. கைகளால் மெத்தையைப் பற்றி இழுத்துப் பார்த்தாள். உடம்பு ஒரு சாண் நகர்ந்து, அதற்குமேல் மறுத்தது.

குரல் மாறுனா, வேற ஆளுன்னு நெனச்சுக்கும்.

பயப்படாத ஒருத்தியின் குரல் வேண்டும். அதுவும், வெட்கப்படுகிற ஒருத்தியின் குரல். தலைப்பை எடுத்து வாயை மூடினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பெட்டியின் விளக்கொளி அந்தச் சுவரிலும் மங்கலாக விழும். கண்ணாடியைப் பார்க்காமலிருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கூடத்தில் அவர் செய்தித்தாளுடன் உட்கார்ந்திருக்கிறார், காது கொடுத்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பெயரைச் சொன்னாள். நடுவில் இருமல் வந்தது. சிவப்பு.

பல்லைக் கடித்து இருமலை விழுங்கினாள். கேட்கிறார்; கேட்டுவிட்டுச் சிரிக்கப்போகிறார். மறுபடியும் சொன்னாள்.

பச்சை.

"மூணு." நடுங்கிய அந்த எண்ணைப் பெட்டி ஏற்கவில்லை. சிவப்பு.

முதலிலிருந்து தொடங்கினாள். பெயர், பச்சை. மூணு, பச்சை. டக்கென்று ஒரு சத்தம். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது, சட்டையில் செந்நிற விளிம்பொன்று காற்றுக்கேற்பக் கண் சிமிட்டியபடி திரையை நோக்கி ஊர்ந்தது. நான்காம் முறை பெயரைச் சொல்லி, "ரெண்டு" என்றாள். மின்விசிறி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது. செந்நிற விளிம்பு திரைக்கு நான்கு விரற்கடை முன்பாகக் கறுத்தது. அதன்பின் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அவள் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கார்த்திகேசு வந்தான். ராக்காயி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "இனிமே அந்த ஓட்டைப் பக்கமே போகமாட்டேன், ஆச்சி."

"அழாதடி. நீ போட்டே, சூடேத்துனது நானு" என்றாள் ஆச்சி.

கார்த்திகேசு பெட்டியைத் திறந்தான். "மெதுவாச் சொல்றது இருக்கட்டும். பயந்து கத்துறதையும் பதிஞ்சு வைப்போம். ஆனா, நெசமாவே பயந்து கத்தணும் ஆச்சி."

மெய்யப்பன் தாமாகவே எழுந்து கூடத்துக்குப் போனார்.

நெசமாகப் பயப்படுவதில் அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. மேசைப் பலகையில் இஸ்திரியின் வடிவத்திலேயே கரிந்திருந்த தழும்பை ஒரு முறை பார்த்தாள், போதுமாயிருந்தது. முதல் முறை கத்தினாள். இரண்டாம் முறை கத்தினாள். மூன்றாம் முறை அந்தப் பெயர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, எல்லாம் தெரிந்திருந்தும் மெய்யப்பன் ஓடிவந்து அறை வாசலில் நின்றார்.

"பதிஞ்சிருச்சு" என்றான் கார்த்திகேசு.