மீசை முழுக்க வாய்

1

இந்தக் கதை என் மனைவியின் பூதக்கண்ணாடியில் பிறந்தது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்க வைத்திருப்பது. வாரப் பத்திரிகையில் என் தொடர்கதைக்கு மேலே புதிதாகப் போட்டிருந்த என் படத்தை அதன் வழியே பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க மூஞ்சி பூரா கொட்டாவி விடுது" என்றாள்.

(முதலில், 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பிரபல எழுத்தாளர்' என்று ஆரம்பித்திருந்தேன். மழை பெய்யவில்லை. 'பிரபல'வையும் எடுத்துவிட்டேன்.)

2

ஒரு சின்ன விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். கதை புரியாது, அவ்வளவுதான்.

அச்சில் வரும் படங்கள் புள்ளிகளால் ஆனவை. இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. ஹாஃப்டோன் என்பார்கள். கம்ப்யூட்டரில் புள்ளிக்குப் பதிலாக நாமே வரைந்த வடிவத்தைப் போடலாம்: இலை, சாவி, குடை, எதுவும். எனக்குப் பேனா முள் போடுவதாகப் பேச்சு. அச்சாகி வந்தது திறந்த வாய். கன்னத்தில் ஊசிமுனை அளவு, மீசையில் கடுகளவு.

3

படம் செய்தது பத்திரிகையில் பக்கங்களை வடிவமைக்கும் லே-அவுட் பெண். சேர்ந்து ஐந்து மாதம். ஆறு முடிந்தால் வேலை நிரந்தரம். அவள் கண்கள் இரண்டும்

(வருணனை வேண்டாம். கதைக்கும் தேவையில்லை, அவளுக்கும்.)

ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு என் எதிரே நிறுத்தினார்.

"என்னம்மா இது?"

"பேனா முள் ஒல்லி சார். புள்ளி இருக்க வேண்டிய கட்டத்தை ரொப்பாது. எவ்வளவு பெரிசாக்கினாலும் சாரோட மீசை நரைச்சுப் போகுது. வாய்க்குள்ள கறுப்பு நிறைய இருக்கா, மீசை கருகருன்னு வந்துடுச்சு."

"அதுக்குக் கொட்டாவியா?"

"நான் வாய்தான் சார் வரைஞ்சேன். கொட்டாவின்னு நீங்க சொல்றீங்க."

"யாரைப் பார்த்து வரைஞ்சே?"

"புரூஃப் பார்க்கிற அண்ணனை."

"அவரு அப்ப என்ன பண்ணிட்டிருந்தாரு?"

தரையைப் பார்த்தாள். "சாரோட பதினாலாவது அத்தியாயம் படிச்சிட்டிருந்தாரு."

[இங்கே நான் கொந்தளித்ததாக எழுதி அடித்துவிட்டேன். மீசை நன்றாகத்தான் வந்திருந்தது.]

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ இருக்கணுமா, போகணுமா? திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

படியிறங்கும்போது பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார், பதினஞ்சாவது அத்தியாயத்துக்கு அண்ணன் கொட்டாவியே விடல சார்."

"அப்படியா?"

"அன்னிக்கு லீவு."

4

முடிவு அ: 'போகட்டும்' என்கிறேன். என் மானம் பிழைக்கிறது. மீசை நரைக்கிறது.

முடிவு ஆ: பெருந்தன்மையாக மன்னிக்கிறேன். அவள் கண்கலங்கி (இல்லை. இவள் கலங்குகிற ரகம் இல்லை. 'எதுக்கு சார் மன்னிப்பு?' என்று கேட்டுவிடுவாள்.)

முடிவு இ: 'நான்தான் வாய் போடச் சொன்னேன்' என்று ஆசிரியரிடம் புளுகுகிறேன். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார். அவளுக்குப் பொய் வராது. இரண்டு பேரும் மாட்டுவோம்.

மூன்றும் சரிப்படவில்லை. ஆசிரியர் கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதிலாக இந்தக் கதையையே அனுப்புகிறேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இதை அவள் லே-அவுட் செய்தால் வெளியிடலாம். வேறு யார் செய்வதானாலும் திருப்பி அனுப்பிவிடவும்.'

ஆகவே, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவள் இருக்கிறாள்.

படிக்கவில்லை என்றால், முடிவு அ.