திருப்பிக் கூப்பிடும் வெடி

சத்தம் வராமலிருக்கக் கதவுக் கீல்களில் ஐரிஸ் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தபோது விளையாட்டரங்கிலிருந்து அன்றைய முதல் வெடி கேட்டது. அறைக்குள் கட்டில் கம்பிகள் கிறீச்சிட்டன.

ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் தம்பியின் உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. தலையும் குதிகாலும் மட்டுமே படுக்கையில் பட்டுக்கொண்டிருந்தன. முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு பூனை நுழைந்து போயிருக்கலாம். பல் கிட்டி, உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, லாயிட் எதையோ பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. அம்மா அவன் கன்னத்தைத் தொடப் போனாள். ஐரிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். தொடுவதும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மெதுவாக, ஒவ்வொரு தசையாக, உடம்பு கீழே இறங்கியது.

"நான் சிரிக்கலக்கா," என்றான் லாயிட், பல்லிடுக்கு வழியாக. "மூஞ்சிதான் இப்படி ஆயிருச்சு."

"தெரியும்டா. பேசாத."

"துப்பாக்கிதானே அது?"

"ஆமா."

"இன்னைக்கு நெறைய சுடுவாங்க," என்றான்.

போன வாரம் தடை தாண்டும் ஓட்டப் பயிற்சியின்போது லாயிட் கடைசித் தடையில் கால் இடறி விழுந்திருந்தான். கனத்த மரச்சட்டம் சாயவில்லை, அவன்தான் சாய்ந்தான். ஓடுதளத்தில் பரப்பியிருந்த கரிச்சல்லி முழங்காலில் ஆழமாக ஏறிவிட்டது. அவனுடைய ஓட்டக் கழகத்தில் தடை தாண்டுகிறவர்கள் யாரும் போட்டிக்கு முன்னால் கரியைத் தோண்டி எடுப்பதில்லை. அயோடின் வைத்தால் முழங்கால் விறைத்துக்கொள்ளும். மருத்துவர் கண்ணில் பட்டால் போட்டியிலிருந்து பெயரையே அடித்துவிடுவார். குதிரைக்குப் போடும் தைலத்தைத் தடவி, துணியைச் சுற்றி, உள்ளேயே விட்டுவிடுவார்கள். தோலுக்கடியில் நீலமாகத் தங்கிப்போன கரிப்புள்ளிகளை ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமை பேசிக்கொள்வதும் உண்டு. லாயிடின் இடது முழங்காலில் அப்படி ஏற்கெனவே ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன. இந்த முறை கரியோடு குதிரைச் சாணமும் சேர்ந்து போயிருக்க வேண்டும். நேற்று முன்தினம் காலையில் ரொட்டியைக் கடிக்க வாய் திறக்கவில்லை.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்றார் மருத்துவர். ஊசி போட்டார். வண்டியில் ஏற்றினால் போகிற வழியிலேயே இழுத்துவிடும் என்றார். சத்தம், வெளிச்சம், அதிர்ச்சி எதுவும் கூடாது. பெரிய இழுப்பாக ஒன்று வந்தால் மூச்சு நின்றுவிடும். இன்றைய பொழுதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

ஐரிஸ் கொழுப்புக் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

தெருவில் அப்பாவும் பக்கத்து வீட்டு டகலும் வண்டிச் சத்தம் கேட்காமலிருக்க வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். இரும்பாலையில் உருளைகளுக்குப் பக்கத்தில் நின்று நின்று அப்பாவுக்குக் காது போய் வெகுகாலம் ஆகிறது. அவரால் குரலைத் தணித்துப் பேச முடியாது. நேற்று மகன் காதோரம் ரகசியமாக ஏதோ சொல்லப் போக, அவன் வளைந்துவிட்டான். அதிலிருந்து அவர் வீட்டுக்குள் வரவேயில்லை.

"என்னம்மா, எப்படி இரு..." என்று அவர் ஆரம்பித்ததும் ஐரிஸ் அவர் வாயைப் பொத்தினாள்.

"ஆர்ச்சி, நீ ரகசியம் பேசினா ஏரிக்கு அந்தக் கரையில இருக்கறவன் பதில் சொல்லுவான்," என்று டகல் அப்பாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிறகு ஐரிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு வைக்கோல் பக்கம் குனிந்துகொண்டார்.

அப்பாவுக்கு வெடி கேட்டிருக்கவில்லை. அவள் விரலைத் துப்பாக்கி போல மடக்கி, அரங்கத்தின் பக்கம் காட்டி, பிறகு மேல் ஜன்னலைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டார். வைக்கோல் வாரும் கவையைக் கீழே போட்டுவிட்டு அவளோடு கிளம்பப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

கடல் தாண்டி வந்த வீரர்களுக்காக அரங்கத்தின் விளிம்பெங்கும் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஓட்டங்களைத் தொடங்கிவைக்கும் ஓக்லி, வெள்ளை அங்கியும் இடுப்பில் தோட்டாப் பையுமாக, ஓடுதளத்தின் ஓரத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"சார், துப்பாக்கிக்குப் பதிலா விசில் ஊத முடியாதா?"

"விசிலா? யாரும்மா நீ?"

"லாயிட் மக்ரேயோட அக்கா."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நம்ம லாயிடா? சட்டத்து மேல உரசாம போறானே, அந்தப் பையனா? கால் சுளுக்கிக்கிச்சுன்னுல்ல சொன்னாங்க."

அவள் சொன்னாள். ஓக்லி சாண்ட்விச்சைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மாடி, நேரம் குறிக்கறவங்க எதிர்முனையில இருக்காங்க. அவங்க புகையப் பாத்துத்தான் கடிகாரத்த அமுக்குவாங்க. விசிலுக்குப் புகை ஏது? அந்தப் பசங்க வாரக்கணக்கா கப்பல்ல வந்திருக்காங்க. நேரம் செல்லாதுன்னா என்ன கொன்னே போடுவாங்க."

"அவன் செத்துருவான் சார்."

அவர் இடுப்பிலிருந்த தோட்டாப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பார்வையாளர் மேடையின் உச்சி வரிசையைக் காட்டினார். "உங்க ஜன்னல்லருந்து அது தெரியுமா? சரி. அங்க ஒருத்தன நிறுத்தறேன். நான் துப்பாக்கியத் தூக்கறதுக்கு முன்னாடி அவன் தொப்பியத் தூக்குவான். நீ தம்பி காதப் பொத்திரு. ஓட்டத்துக்கு ஒரு வெடி. எவனாவது வெடிக்கு முந்தியே ஓடிட்டா, திருப்பிக் கூப்பிட இன்னொண்ணு சுடுவேன். அதுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்ல என்னால முடியாது."

சரி சரி என்று அவள் தலையாட்டினாள். தொப்பி என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஜன்னலை மூடியிருந்த கம்பளியில் அம்மா ஒரு கண்ணளவு இடைவெளி விட்டு, நாற்காலியில் முழங்காலிட்டு நின்றாள். தொப்பி உயர்ந்தால் அம்மாவின் கை உயரும். கை உயர்ந்தால் ஐரிஸ், பஞ்சு அடைத்திருந்த லாயிடின் காதுகள்மேல் உள்ளங்கைகளை மெதுவாக வைத்து அழுத்துவாள். அவள் கை பட்டதும் அவன் தோள் ஒருமுறை இறுகும். வெடி வரும். அவன் உடம்பு நடுங்கி, அடங்கும். வளையவில்லை. இரண்டாவது ஓட்டத்திலும் வளையவில்லை. மூன்றாவதிலும் இல்லை.

ஆனால் ஓட்டங்களுக்கு இடையிலிருந்த நேரம் மோசமாக இருந்தது. ஐரிஸ் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினாலும் அவள் கைகள் லாயிடின் காதை நோக்கிப் போய்விட்டன. தெருக்கோடியில் டிராம் மணியடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தார்கள். லாயிடின் நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் இறங்கிப் பஞ்சு நனைந்தது. அதை மாற்றக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

"அக்கா. அடுத்தது எங்களுது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தடைய எடுத்து வைக்கறாங்க. கட்டை சத்தம்."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அரங்கத்தின் சத்தம் முழுவதும் தம்பிக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இத மட்டும் கேக்கணும்," என்றான் அவன்.

"மாட்டேன்."

"காதப் பொத்தாதக்கா."

"மாட்டேன்னா மாட்டேன்."

"எங்க கழகத்து ராய் ஓடறான். அவசரக்குடுக்கை. மொதத் தடையிலயே மூஞ்சியப் பேத்துக்குவான்." தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முகம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்ததால் அது சிரிப்புதானா என்று சொல்ல முடியவில்லை. "வெடி கேக்க வேணாம். அதுக்கப்புறம் கைய எடுத்துரு. ஓடற சத்தமாவது கேக்கறேன். சனம் கத்தறதக் கேக்கறேன்."

அவன் கண்ணோரத்தில் நீர் தேங்கியிருந்தது. வலியாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வெடி தாண்டிவிட்டால் அப்புறம் வெறும் ஆரவாரம்தானே, அது தூரத்து மழைச் சத்தம் போலத்தானே வரும் என்று அவள் நினைத்தாள்.

"சரி," என்றாள்.

அம்மாவின் கை உயர்ந்தது. ஐரிஸ் காதுகளை அழுத்தினாள். வெடித்தது. அவன் நடுங்கினான், அடங்கினான். அவள் விழிகளைப் பார்த்து, கை, கை என்று கேட்பது போல இமைகளை அடித்தான். அவள் கைகளை எடுத்தாள்.

உடனே இன்னொரு வெடி.

கட்டில் சுவரில் போய் மோதியது. இந்த வளைவு இதுவரை வந்தவற்றைப் போல இல்லை. மார்புக்கூடு மேலேறி அங்கேயே நின்றது. விலா எலும்புகள் அசையவில்லை. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. முகம் சிவந்து, கருத்து, உதடு நீலமானது. அவன் கண்கள் மட்டும் அவளைவிட்டு விலகவில்லை. அவன் வெளியே விட முடியாத மூச்சை அவளும் உள்ளே பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தவும் முடியாது, தொடவும் முடியாது.

"திரும்பாத," என்று அம்மாவிடம் மூச்சுக்குரலில் சொன்னாள். "தொப்பியப் பாரு. தொப்பியவே பாரு."

அம்மா திரும்பவில்லை. கம்பளியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து லாயிடின் முதுகு மெத்தையில் இறங்கியது. இந்தத் தடவை ஒவ்வொரு தசையாக இறங்கவில்லை, ஒரேயடியாக, முழுக்க. தாடைகூடத் தளர்ந்தது. இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம் சிரிப்பை நிறுத்தியது. பழைய லாயிட் கட்டிலில் படுத்திருந்தான்.

"அடங்கிருச்சா?" அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள்.

"ம்."

"பசங்கள்லாம் கோட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாங்க போல. மறுபடி நிக்க வைப்பாங்க."

ஐரிஸ் தம்பியின் வாயருகில் புறங்கையை நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள்.

அம்மாவின் கை உயர்ந்தது.

ஐரிஸ் குனிந்து, நனைந்த பஞ்சின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். அவன் தோள் இறுகவில்லை. வெடித்தது. கட்டில் கம்பி ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

பிறகு ஆரவாரம் எழுந்தது, ஏறிக்கொண்டே போனது, உச்சியில் சற்று நின்றது. யாரோ ஒருவன் ஜெயித்திருந்தான். அது முழுவதுமாக அடங்கும்வரை அவள் கைகளை எடுக்கவில்லை.