ஒட்டியிருந்த வரைக்கும்

"தண்ணிய உள்ள கொண்டாராதீங்க. இப்ப யாரும் அப்பாவக் குளிப்பாட்டக் கூடாது" என்று அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் எழிலரசி.

மஞ்சள் கரைத்த குடத்தோடு வந்த பெண்கள் தயங்கி நின்றார்கள். உள்ளே பாயில் பலராமன் காக்கிச் சட்டையோடு கிடந்தார். கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தவர், ஒரு ஷூவைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே பந்தல்காரனை அதட்டிக்கொண்டிருந்த ராஜாமணி, பலராமனின் தம்பி, சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"இன்னா தகராறு இங்க?"

"அப்பாவோட தோல தானம் பண்றதுக்குச் சொல்லிக்கீறேன் சித்தப்பா. மெட்ராஸ்லேர்ந்து டாக்டருங்க வந்துகினு இருக்காங்க. அவங்க எடுத்ததுக்கு அப்புறம் குளிப்பாட்டலாம்."

"தோலா?" ராஜாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "பெத்த அப்பன உரிக்கறதுக்கு ஆள் கூப்ட்டு வெச்சிருக்கியா?"

"உரிக்க மாட்டாங்க. முதுகுலயும் தொடையிலயும் மேலாப்ல, வெங்காயச் சருகு கணக்கா ஒரு படலம். ரத்தம்கூட வராது. மூஞ்சியத் தொடவே மாட்டாங்க."

"எல்லாம் நீயே முடிவு பண்ணிட்ட. கல்யாணமும் அப்படித்தான் பண்ணிகின."

எழிலரசி கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. அரைக்கை சுடிதாருக்கு வெளியே அந்தக் கை முழுவதும் வலை விரித்தாற்போல் தழும்பு ஓடியது. கழுத்திலும் அதே வலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அப்பா அவளுக்கு முழுக்கை வைத்த உடுப்புகளாக வாங்கி வந்தார். அவள் ஒவ்வொன்றாகக் கையை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

நான்கு வருஷம் ஆகிறது. ஒரகடம் பக்கம் அவள் வேலை பார்த்த கம்பெனியில் பெயின்ட் கலக்கும் தின்னர் பற்றிக்கொண்டு அவள் உடம்பில் பெரும்பகுதி வெந்தது. அப்போது அவளுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கூட வேலை செய்த ஜெபகுமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து பலராமன் மகள் பெயரையே எடுக்கவில்லை. தீக்காய வார்டுக்கு வந்த அன்றும் அவளிடம் பேசவில்லை. நேராக அங்கிருந்த டாக்டர் அமலாவிடம் போய், "எங்கிட்டேர்ந்து தோல எடுங்க" என்று வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக் காட்டினார்.

அவளுடைய நல்ல தோல் முதுகில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை எடுத்தால் திரும்ப வளர நாளாகும். அதுவரை திறந்த புண் தாங்காது. இறந்தவர்கள் தானம் தந்த தோலைச் சேமிக்கும் தோல் வங்கியில் அப்போது இருப்பில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவின் தோலை எடுத்து வைத்தார்கள். சில நாளில் அது இளஞ்சிவப்பாக மாறியது. கீழேயிருந்து ரத்தக் குழாய்கள் ஏறிவிட்டன என்றார்கள். பலராமன் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "என் பொண்ணுக்கு என் தோல் பிடிச்சிகிச்சு."

இரண்டு வாரம் தாண்டியதும் ஓரங்கள் கறுத்தன. அப்புறம் கட்டோடு உரிந்து வந்தது.

"உடம்பு தன்னோடது எது, அடுத்தவங்களோடது எதுன்னு பாக்கும்" என்று டாக்டர் அமலா அவருக்கு விளக்கினார். "வேறன்னு தெரிஞ்சா வெள்ளை அணுக்கள் உள்ள விடாது."

"கேட்டுல கார்டு பாத்து உடற மாரியா?"

"அதேதான். உங்க கார்டுல பாதிதான் அவங்களோடது. பாதி போதாது."

அவர் விடவில்லை. இன்னொரு தரம் எடுக்கச் சொல்லி மன்றாடி எடுக்க வைத்தார். அந்தத் தோல் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒருமுறை விரட்டிய ஆளை உடம்பு ஞாபகம் வைத்திருக்கும், மறுமுறை சீக்கிரமே விரட்டிவிடும் என்றார் டாக்டர். பலராமன் சிரித்தார். "இவ தோலுகூட எம் பேச்சு கேக்காது" என்றார். எழிலரசி அந்தச் சிரிப்பை மட்டும்தான் பார்த்தாள். பிறகு வங்கியிலிருந்து இறந்துபோன யாரோ ஒருவருடைய தோல் வந்தது. அதையும் அவள் உடம்பு உதறியது. ஆனால் அதற்குள் முதுகில் அவளுடைய சொந்தத் தோல் மறுபடி வளர்ந்திருந்தது; அதை எடுத்து வைத்ததும் நின்றுவிட்டது.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஜெபகுமார் நெடுஞ்சாலையிலிருந்து வழிகாட்டிக் கூட்டி வந்திருந்தான். தோல் வங்கி டாக்டரும் உதவியாளர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"அவரோட மனைவி சம்மதிக்கணும்" என்றார் டாக்டர். "அவங்க வேணாம்னா நாங்க கிளம்பிடுவோம்."

எல்லோரும் சுந்தராம்பாளைப் பார்த்தார்கள். புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள், கழற்றாமல் விட்ட அந்த ஷூவின் லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்லு அண்ணி" என்றார் ராஜாமணி.

சுந்தராம்பாள் மகளைப் பார்த்தாள். "உனக்கு வெச்ச அவரு தோல இன்னாடி பண்ணாங்க? உரிஞ்சி வந்துச்சே, அத."

எழிலரசி பாயைப் பார்த்தபடியே சொன்னாள். "பக்கெட்ல போட்டாங்கம்மா. பஞ்சோட பஞ்சா."

"உங்கப்பா எங்கிட்ட கேட்டாரு. ஒருக்கா இல்ல, எத்தினியோ வாட்டி. 'நான் அவகிட்ட பேசாம இருந்தனே, அத மனசுல வெச்சிகினுதான் அவ உடம்பு என்ன வேணாம்னுடுச்சா'ன்னு கேட்டாரு. டாக்டரம்மா சொன்னது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிஞ்சிதான் கேட்டாரு."

எழிலரசி நிலையைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் கீழே விட்டாள்.

"இவங்களுக்குக் குடுத்தா, அங்கயாச்சும் ஒட்டிக்குமா?" என்று கேட்டாள் சுந்தராம்பாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா சம்மதித்துவிடுவாள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் எழிலரசி முந்திக்கொண்டாள்.

"ஒட்டாதும்மா. யாருக்கும் ஒட்டாது. கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் அவங்க உடம்பும் தள்ளிடும்."

"கேட்டுகினியா அண்ணி!" ராஜாமணி கையைத் தட்டினார். "அவ வாயாலயே சொல்றா. தூக்கி எறியறதுக்கு எதுக்கு எங்கண்ணன் தோலு?"

"தூக்கி எறியறதுக்குத்தான் சித்தப்பா!" அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "எறியற வரைக்கும் உயிர் நிக்கும். நான் எப்படி நிக்கறேன் உங்க முன்னாடி? அப்பா தோலயும் எறிஞ்சேன், யாருன்னே தெரியாதவங்க தோலயும் எறிஞ்சேன். எறிஞ்சிட்டுத்தான் நிக்கறேன். இன்னிக்கு எங்கயோ ஒரு வார்டுல ஒருத்தி கெடப்பா. அவளும் எறியட்டும். எறிஞ்சிட்டு எழுந்து வரட்டும்."

சுந்தராம்பாள் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"அவருது உனக்கு எத்தினி நாளு ஒட்டிகினு இருந்துச்சு?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"அவ்ளோ நாளு போதுமா?"

"போதும்மா."

சுந்தராம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள்: "எடுத்துக்கோங்க. கதவ மட்டும் சாத்திக்கோங்க. அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி."

கதவு சாத்தப்பட்டது. எழிலரசி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். ராஜாமணி பந்தலடியில் போய் உட்கார்ந்துகொண்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் குசுகுசுவென்று கேட்டதற்கு எல்லாம் ஜெபகுமார் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தபோது உதவியாளர்கள் சின்னப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தார்கள். பலராமனின் முதுகிலும் தொடைகளிலும் வெள்ளைத் துணியால் இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தார்கள். முகம் அப்படியே இருந்தது. டாக்டர் எழிலரசியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

நடுப்பகலில் வாசலில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தினார்கள். குடங்கள் வந்தன. பங்காளி ஒருத்தன் முதல் குடத்தை அப்படியே கவிழ்க்கப் போனான். ராஜாமணி அவன் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினார். சொம்பில் மொண்டு, தலையில் கொஞ்சமும் மார்பில் கொஞ்சமுமாக ஊற்றினார். தண்ணீர் தொடைப் பக்கம் ஓடியபோது, உள்ளங்கையைக் குவித்துக் கட்டின்மேல் வைத்து அணை கட்டினார்.

"மெதுவாடா" என்றார் அவனிடம். "நனைஞ்சா எரியும்."

எழிலரசி அடுத்த சொம்பை மொண்டு அவரிடம் நீட்டினாள்.