சோளக்கொல்லைக்குள் நின்றவள்

அருளாயி கிணற்றடிக்கு வந்தபோது குடம் மட்டும்தான் இருந்தது. மகளைக் காணோம்.

தண்ணீருக்குப் போய் இவ்வளவு நேரமாயிற்றே என்று தேடி வந்தவள் அவள். குடம் மேல்படியில் காலியாகக் கிடந்தது. ஐப்பசி மழையில் கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. நடுவில், மகள் தலையில் சும்மாடாகச் சுற்றும் பச்சைத் துணி மிதந்துகொண்டிருந்தது.

"மதலே! அடி மதலேனா!"

கிணற்றுக்குள்ளிருந்து அவள் குரலே திரும்பி வந்தது. வேறு சத்தமில்லை.

முந்தின நாள் சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தபோது நடந்தது அது. மதலேனாளுக்குப் பதினைந்து வயது. அவளுடைய செபப் புத்தகத்திலிருந்து மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. அவள் அப்பன் இன்னாசி எடுத்துப் பிரித்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'என் அன்புள்ள மச்சானுக்கு' என்று மகளின் கையெழுத்தில் இருந்தது. அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. யாருக்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கிணற்றில் நீரிறைக்கும் கமலைக் கயிற்றை எடுத்தான். மகள் வாயைத் திறந்தபோதெல்லாம் அடி விழுந்தது. பிறகு அவள் வாயைத் திறக்கவேயில்லை.

இன்னாசி குடிகாரனல்ல, கெட்டவனுமல்ல. ஞாயிறு தவறாமல் ஆவூர்க் கோயிலுக்குப் போகிறவன். ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் அவன் தங்கை சந்தியாயி, வீட்டில் அடி வாங்கிய மறுநாள், இதே கிணற்றில்தான் மிதந்தாள். தற்கொலை பாவமென்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அவளைப் புதைத்தார்கள். அவளை முன்னமே அடக்கி வைக்காததுதான் தப்பு என்று இன்னாசி நம்பினான். மகள் வளர வளர அவனுடைய பயமும் வளர்ந்தது. வெளியில் பார்க்க அது கோபமாகவே தெரிந்தது.

அருளாயியின் கூக்குரல் கேட்டு, பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த இன்னாசி சாட்டையும் கையுமாக ஓடி வந்தான். துணியைப் பார்த்தான். சாட்டை கையிலிருந்து நழுவியது.

"இவளுமா..." என்றான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தான்.

முதல் முழுக்கில் வெறுங்கையோடு வந்தான். இரண்டாவதில் கை நிறையச் சேறு. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். அருளாயி படியில் மண்டியிட்டு, "மாதாவே, எம் புள்ளையக் குடுத்துரு, எம் புள்ளையக் குடுத்துரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவருக்கு வெளியே இருந்த மண்மேடு அவள் கண்ணிலேயே நின்றது.

மூன்றாவது முறை மூழ்கியவன் மேலே வரவில்லை. குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

"அப்பா!"

சோளக்கொல்லைக்குள்ளிருந்து கதிர்களை முறித்துக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். மதலேனாள்! "அப்பா! நான் இங்க இருக்கேன்! அப்பாவ யாராச்சும் தூக்குங்க!"

இரண்டு பேர் குதித்தார்கள். அடியில் வேரில் கால் சிக்கிக் கிடந்தவனை இழுத்து வந்து படியில் போட்டார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் கண்ணைத் திறந்தான். எதிரே மகள் நின்றாள். அவளைத் தொடக் கையை நீட்டினான்.

மதலேனாள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு தரையாகச் சுருண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"நீங்க மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றதப் பாத்தேம்ப்பா" என்றாள், முகத்தைக் காட்டாமலே. "பயந்து கொல்லைக்குள்ள ஓடிட்டேன். சும்மாடு காத்துல பறந்து கெணத்துல விழுந்துருச்சு. ஆத்தா கூப்புட்டப்ப வரத்தான் பாத்தேன். நீங்க சாட்டையோட ஓடியாந்தீங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமராவதி வந்தாள். பக்கத்துத் தெருக்காரி, அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போயிருந்தான். "அந்தக் காயிதம் என்னோடதுண்ணே. எனக்கு எழுதத் தெரியாது, எம் புருஷனுக்கு இதுதான் எழுதிக் குடுத்துச்சு. மாமியா படுத்துற பாட்ட எழுதச் சொன்னேன். அதுக்குத் தெரிஞ்சா வீட்ட விட்டு வெரட்டிரும்னு இதுகிட்டச் சத்தியம் வாங்கியிருந்தேன்" என்று அழுதாள்.

இன்னாசி ஈர வேட்டியோடு ஆவூருக்கு நடந்தான். கோயிலில் சாமியாரிடம் செய்ததையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஆண்டவர் மன்னிக்கிறார் இன்னாசி. ஆனா அடிபட்டவ வீட்ல இருக்கா. அவகிட்டயும் கேக்கணும்."

"அப்பன் மகள்ட்டக் கேக்குறதா சாமி? அப்பறம் அதுக்குப் பயம் விட்டுப் போயிருமே."

"இன்னக்கி அந்தப் பயத்த நீயே பாத்தியே. நீ அவளத் தேடிக் கெணத்துல முழுகும்போதும் அவளால வெளிய வர முடியல. அப்படிப் பயப்படுற புள்ளைக்கு ஆபத்துன்னு வந்தா யாருகிட்டப் போகும்? ஒன்கிட்ட வராது. கயித்த எடுக்குறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேளு. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திரு. அதுதான் ஒனக்கு அபராதம்."

இன்னாசி வீட்டுக்குத் திரும்பி நடந்தான். தன் மகளிடம் போகத் தனக்கே பயமாயிருப்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

அன்று செபம் முடிந்ததும் அவன் எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே மகள் பக்கம் திரும்பினான்.

"கேக்காம அடிச்சுட்டேன் ஆத்தா. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்க."

மதலேனாள் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவன் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அதட்டலாகிவிடுமோ என்று தோன்றியது.

காயம் ஒரு வாரத்தில் ஆறிற்று. பயம் ஆறவில்லை. அவன் செருமினால் அவள் கைவேலை நின்றுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் வெளியே போய் நின்றுவிட்டு வருவான். அருளாயி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் செபித்துக்கொண்டு, எதிலும் தலையிடாமல் இருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மதலேனாள் தானாகப் பேசினாள்.

"அப்பா, திருச்சியில கன்னியாஸ்திரீங்க டீச்சருக்குப் படிக்க வைக்கிறாங்களாம். நான் போகட்டுமா?"

பெண்பிள்ளை, வெளியூர், தனியாக. 'முடியாது' என்ற சொல் இன்னாசிக்கு வாய்வரை வந்தது. அருளாயி சோற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு ஆத்தா" என்றான் அவன் கடைசியில். "ஆனா சொல்லு. யாரு சொன்னா, எப்படின்னு முழுசாச் சொல்லு. கேக்குறேன்."

மதலேனாள் முதல்முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.