இடையன் தேயிலை முளைக்கும் இடம்

ஃபுல்க்ரானின் ஜின்னை மூக்குக்கு அருகில் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குடித்துப் பார்க்கவே தேவையில்லை. ஜூனிப்பர் பழத்தின் வாசம் யாருடைய ஜின்னிலும் இருக்கும், அது இல்லாவிட்டால் அதற்கு ஜின் என்ற பெயரே கிடையாது. அதற்கு அடியிலிருந்து மெதுவாக எழுந்து வந்ததே இன்னொரு வாசம், புதினாவையும் நாரத்தை இலையையும் சேர்த்துக் கசக்கினாற்போல, அது எங்களுடையது. அந்தச் செடிக்கு எங்கள் பக்கத்தில் இடையன் தேயிலை என்று பெயர். அதை ஜின்னில் போடலாம் என்று தெற்கு பிரான்ஸின் இந்த செவென் மலையில் முதலில் யோசித்தவன் என் வீட்டுக்காரன் ஜெர்வே. எங்கள் சீசாவை வாங்குகிறவர்கள் அந்த வாசத்துக்காகத்தான் வாங்குகிறார்கள்.

"என்ன ரோஸ்லின், எப்படி இருக்கு?" என்றான் ஃபுல்க்ரான், தன் சந்தைக் கடைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதவன் போல நின்றுகொண்டு.

"ரொம்பத் தெரிஞ்ச வாசமா இருக்கு. எங்க பறிச்ச?"

"எங்க அத்தை நிலத்துல."

"உங்க அத்தை நிலத்துல முள்ளும் கல்லும் தவிர வேற எதுவும் முளைச்சு நான் பாத்ததில்லையே."

"நீ எப்ப வந்து பாத்த? வேலி தாண்டி வந்தியா?"

பேச்சில் அவனைப் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் என் பென்சிலை எடுத்துவிட்டு என்னையே தேடச் சொன்னவன் அவன்.

எங்கள் ஊரில் காளான் பறிக்கிற இடம், மூலிகை பறிக்கிற இடம் எதையும் யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கேட்பதே மரியாதைக் குறைவு. மீறிக் கேட்டால் பொய் சொல்லலாம், அதில் தப்பில்லை. பாதிரியாரே தன் காளான் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் கூசாமல் பொய் சொல்வார். ஜெர்வே இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன். வண்டியை ஒரு மலையடியில் நிறுத்திவிட்டு வேறு மலைக்கு நடப்பான். திரும்பும்போது ஓடையில் காலணியைக் கழுவுவான், ஒட்டியிருக்கும் மண்ணின் நிறத்தைப் பார்த்து யாராவது இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். கூடையின் மேலாக வேறு இலைகளைப் பரப்பிக்கொண்டு வருவான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான், நாம் எங்கே நிற்கிறோம் என்று அது யாருக்கோ போட்டுக்கொடுக்குமாம்.

நான் கேட்டால் மட்டும், "கழுதைமுதுகுலதான்" என்பான். கழுதைமுதுகு பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு மேடு. எனக்கு அங்கே போகிற வேலை வந்ததில்லை. கட்டின பெண்டாட்டியிடம் பொய் சொல்வானா என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் பறித்துவந்ததைப் பரணில் காயவைப்பது நான். சாராயத்தில் ஊறவைப்பது நான். செம்பு வடிகலனைத் தேய்த்துக் கழுவுவதும் சீசாவில் காகிதம் ஒட்டுவதும் நான்தான்.

சந்தையில் முகர்ந்ததை அன்றே அவனிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை சந்தை நடுவில் நின்றுகொண்டு ஜெர்வே அவனைத் திருடன் என்றான். நானும் சும்மா இருக்கவில்லை. "அடுத்தவன் கூடையிலேயே மூக்க வச்சு வளந்தவன்" என்று என் பங்குக்கு எடுத்துவிட்டேன். ஃபுல்க்ரான் நேரே சந்தைக் கமிட்டிக்குப் போனான். எங்கள் பக்கத்து மலையில் கால் வைத்ததே இல்லை என்று செத்துப்போன தன் தாய்மேல் ஆணையிட்டான். பொய் என்று தெரிந்தால் கடையையே காலி செய்துவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டான். கமிட்டி ஜெர்வேயை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவனாவது கேட்பதாவது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. பறிக்கப் போகிற வழியில் குறுக்கே மெல்லிய நூல் கட்டிவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு முகம் சிவக்கத் திரும்பினான்.

"நூல் அறுந்திருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. கட்டுனபடியே இருக்கு."

"அப்புறம் என்ன? யாரும் வரல."

"முடிச்சு என் முடிச்சு இல்ல, ரோஸ்லின்."

"பன்றி ஏதாவது..."

"பன்றி நூல அறுக்கும். திரும்ப முடிச்சுப் போட்டு வைக்குமா?"

சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். ஒரு கணம்தான். ஆனால் அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலையில் கூடையோடு போனவன் பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளை பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால், ஒன்று அவன் செத்திருக்க வேண்டும், இல்லை வேறு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொய் சொல்வானேன், இரண்டாவதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ஜன்னல் வழியே பார்த்தபோது மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டேன், மலையில் காணாமல் போனவர்களைத் தேடுவதும் அவர்கள் வேலைதான்.

தீயணைப்புக்காரர்கள் என்றால் வேறு யாருமில்லை, ஊரில் ரொட்டி சுடுகிறவனும் பள்ளி வண்டி ஓட்டுகிறவனும்தான். தலைவன் மார்சியால் குழாய் ரிப்பேர் செய்கிறவன். ஜெர்வேயின் வண்டி கழுதைமுதுகின் அடியில் நின்றது. அங்கேயே தேட ஆரம்பித்தார்கள். நானும் ஏறினேன். ஏற ஏற எனக்கு ஒன்று உறைத்தது. இடையன் தேயிலை பீச் என்கிற பெரிய காட்டு மரத்தின் நிழலில் ஈர மண்ணில் வளர்கிற செடி. கழுதைமுதுகோ வெயிலில் காயும் மொட்டைப் பாறை. கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு பீச் மரம் இல்லை. இத்தனை வருஷம் என்னிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறான்.

"வேற எங்க போவான்?" என்று கேட்டான் மார்சியால்.

"தெரியல."

"பொண்டாட்டி உனக்கே தெரியாதா?"

கூட வந்திருந்த போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "காலைல வீட்ல ஏதாவது சண்டையா, மதாம்?" என்றார் பவ்யமாக. அவர் என்ன நினைக்கிறார் என்று புரியாமலா இருக்கும்? அவமானத்தில் காது சுட்டது. பனி இன்னும் கீழே வந்துவிட்டது, இருட்டவும் தொடங்கிவிட்டது. இந்தக் குளிரில் அடிபட்டுக் கிடக்கிறவன் விடியும்வரை தாங்க மாட்டான்.

அவன் உண்மையில் எங்கே போகிறான் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன் இருந்தால் அது ஃபுல்க்ரான்தான், அவன் நிஜமாகவே திருடனாக இருந்தால். காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒருத்தன் திருடனாக இருக்க வேண்டுமே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தான்.

"ஜெர்வேயக் காணோம்," என்றேன்.

"தீயணைப்பு வண்டி போறதப் பாத்தேன்."

"அவன் பறிக்கிற இடம் உனக்குத் தெரியும். கூட்டிட்டுப் போ."

"எனக்கு எப்படித் தெரியும்? கமிட்டில சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உன் சத்தியத்தத் தூக்கி அடுப்புல போடு. நீ திருடன்தான்னு ஒத்துக்கய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் என் காரைப் பார்த்தான், வேலியோரப் புதரைப் பார்த்தான்.

"கார்ல யாரு? ஜெர்வே குனிஞ்சு உக்காந்திருக்கானா?"

"என்ன உளர்ற?"

"உங்க புத்தி எனக்குத் தெரியாதா? புருஷன் காணாமப் போவான். பொண்டாட்டி கண்ணக் கசக்கிட்டு வருவா. நான் ஐயோ பாவம்னு வழி காட்டுவேன். அங்க மரத்துக்குப் பின்னாலருந்து அவனும் கமிட்டியும் கைகோத்துட்டு எழுந்து வருவாங்க. நல்ல நாடகம்."

வெளியே வந்து என் காரின் பின்கதவைத் திறந்து பார்த்தான். காலி சீசாப் பெட்டிகளை நகர்த்திக்கூடப் பார்த்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அவன் எங்கிட்டச் சொன்னதே இல்லடா," என்றேன். "கழுதைமுதுகுன்னு சொன்னான். நம்பிட்டேன். இன்னைக்கு அந்தப் பாறைல நின்னு ஊர் பூரா என்னைப் பாக்குது. எனக்குத் தெரிஞ்சிருந்தா உன் வாசல்ல வந்து நிப்பேனா? உன் வாசல்ல?"

ஃபுல்க்ரான் பெட்டியைக் கீழே வைத்தான்.

"உங்கிட்டயே சொல்லலியா?"

"இல்ல."

"அட," என்றான். உள்ளே போய்க் கைவிளக்கும் கம்பளியும் எடுத்துக்கொண்டு வந்தான். நான் நம்பப்படாத பெண்டாட்டி என்பதை மட்டும் உடனே நம்பிவிட்டான்.

அவன் காட்டிய வழி கழுதைமுதுகுக்கு நேர் எதிர்ப்பக்கம் போனது. இடிந்த கோயிலுக்குப் பின்னால் காரை விட்டோம். வேலியில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது, அது எங்கே என்று விளக்கு அடிக்காமலே அவன் கை கண்டுபிடித்தது. அந்தப் பனியில் என் காலே எனக்குத் தெரியவில்லை. அவனோ தன் வீட்டுச் சமையலறைக்குள் நடப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தான்.

"எத்தன தடவ வந்திருக்க?" என்று கேட்டேன்.

"வழியப் பாத்து நட."

கொஞ்ச தூரம் போனதும் நின்று காலைத் தூக்கி எதையோ தாண்டினான். "பாத்து வா, இங்க உன் புருஷன் நூல் கட்டியிருப்பான்."

"அப்ப முடிச்சுப் போட்டது நீதானா?"

"பன்றி," என்றான்.

பீச் மரங்கள் தொடங்கின. காலடியில் அந்த வாசம் எழுந்தது, புதினாவும் நாரத்தையும். ஊரில் செத்தகுதிரைப் பள்ளம் என்று சொல்வார்களே, அந்த இடம்தான், அது முழுக்க இடையன் தேயிலை. என் பரணில் கட்டுக்கட்டாகத் தொங்கிய செடி உயிரோடு நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். "ஜெர்வே" என்று கூப்பிட்டேன். கீழே ஒரு பாறைக்கடியிலிருந்து முனகல் கேட்டது.

வலது கால் தொடைக்குக் கீழே கோணிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது. விழுந்தடித்து இறங்கிப் போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, ஃபுல்க்ரானைப் பார்த்தான்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல," என்றான் நடுங்கிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்து, "நீதான் இவனக் கூட்டிட்டு வந்தியா?" என்றான்.

"இவன்தான் என்னைக் கூட்டிட்டு வந்தான்."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஃபுல்க்ரான் கம்பளியை அவன்மேல் போர்த்தினான். நான் போனை எடுத்தேன். அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், "யாருக்கு?" என்றார்கள்.

"மார்சியாலுக்கு. வேற யாருக்கு?"

"இங்கயா வரச் சொல்லப்போற?" என்றான் ஜெர்வே.

"அவசரப்படாத, ரோஸ்லின்," என்றான் ஃபுல்க்ரான். "மார்சியால் மச்சான் மூலிகை சர்பத் விக்கிறவன். ஒரு தடவ பாத்தா வேரோட பிடுங்கிட்டுப் போயிருவான்."

"ரொட்டிக்காரன் மட்டும் என்ன ஒழுங்கு?" என்றான் ஜெர்வே.

"ரெண்டு கொம்பு வெட்டிக் கட்டி நான் இவன இழுத்துட்டு வந்துர்றேன். கோயில்கிட்ட வந்து வாங்கிக்கட்டும்."

"அது நல்ல யோசனை," என்றான் என் வீட்டுக்காரன். பேசும்போதே பல் கிட்டித்துக்கொண்டது. மாதக்கணக்காக ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழிக்காத இரண்டு பேரும் எந்தக் கொம்பு வலுவாக இருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கோணிக் கிடந்த காலையும் பார்த்தேன், இவர்களையும் பார்த்தேன். நல்லபடியாக இருந்த இன்னொரு காலில் ஒரு உதை விடலாமா என்று இருந்தது.

மார்சியால் எடுத்தான். "ரோஸ்லின், எங்க இருக்க?"

"கோயில்னு சொல்லு," என்றான் ஜெர்வே.

"செத்தகுதிரைப் பள்ளம்," என்றேன். "இடிஞ்ச கோயிலுக்குப் பின்னால வேலில ஒரு கம்பி தளர்ந்திருக்கும். அதுக்குள்ள பூந்து நேரா பீச் காட்டுக்கு வாங்க. கீழ பூரா இடையன் தேயிலை, வாசமே வழி காட்டும். கால் உடைஞ்சிருக்கு, சீக்கிரம் வாங்க. இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வா."

ஃபுல்க்ரான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ச் சட்டையை முறம்போல ஏந்திக்கொண்டு அவசர அவசரமாகப் பறிக்கத் தொடங்கினான்.

"வேர விட்டுட்டுப் பறிடா," என்று ஜெர்வே படுத்தபடியே சொன்னான். என் மடியில் அவன் தலை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் போகவில்லை. கையையும் விடவில்லை.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள் விளக்குகள் தெரிந்தன. அவை காட்டின் தவறான பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. "இங்க" என்று கூப்பிட்டேன்.

"மெதுவாக் கூப்பிடு," என்றான் ஜெர்வே.

அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.