மூன்று நாள் விருந்தாளி

வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்திருந்த அந்த ஆசிரமத்தின் விருந்தினர் விடுதியில் சொர்ணம்மாளுக்கு ஏழாம் எண் அறை கிடைத்தது. யாராயிருந்தாலும் மூன்று நாள்தான் தங்கலாம். சாமியாராகிவிட்டவரின் வீட்டாள் என்றால் மூன்றாம் நாள் புன்னை மரத்தடியில் பத்து நிமிஷம் பேசலாம்.

அதற்கு முன்பே சாப்பாட்டுக் கூடத்தில் அவரைப் பார்த்துவிட்டாள். சாம்பார் வாளியோடு வந்தவர் அவள் புருஷன் பகவதியப்பன். இலைக்கு இலை குனிந்து வந்தவர், அவள் முன்னாலும் அதே குனிவில், அதே குரலில் கேட்டார்.

"இன்னும் வேணுமா அம்மா?"

இருபத்தெட்டு வருஷம், உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன ஆள். சொர்ணம்மாளுக்கு அழுகை வரவில்லை. இந்தப் பணிவு தனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லையே என்ற பொறாமைதான் வந்தது. போதும் என்று கையைக் காட்டினாள்.

அவள் வந்தது மகளுக்காக. ஆவணியில் சுபிதாவுக்குக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க அப்பன் வரவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் புன்னை மரத்தடியில் அதைத்தான் கேட்டாள்.

"ஒரு நாள் வந்துட்டுப் போங்க. காவியோடயே வாங்க. வீட்டுல இருக்கவா சொல்லுகேன்?"

"முடியாதும்மா."

"என்னத்துக்கு முடியாது? நீங்க பெத்த பிள்ளைதானே?"

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "தை மாசம் தீட்சை வாங்கியாச்சு. அதுக்கு முன்ன எல்லாக் கிரியையும் முடிக்கணும். எனக்கு நானே பிண்டம் வச்சு முழுகிட்டேன். பகவதியப்பன்னு இப்ப ஒரு ஆளு இல்ல."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"செத்தாச்சு."

"ஆமா."

"சாவுக்கு ஆளனுப்பிச் சொல்லாத வீடு நம்ம ஊர்ல உண்டா?"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த அமைதியை அவள் வெறுத்தாள். அவர் பிண்டம் வைத்த நாளிலும் அவள் தாலிக்கு மஞ்சள் பூசிக் குளித்திருப்பாள்.

மணி அடித்தது. பிள்ளைக்கு என்று அவர் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"செத்தவங்க கையால நான் ஒண்ணும் வாங்குகதில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது சுபிதா போனில் கூப்பிட்டாள்.

"எம்மா, கார்டு அடிக்கக் குடுக்கணும். அப்பா வருவாவளா?"

"வரமாட்டாவ. செத்துட்டேங்காவ." பிண்டம் வைத்த கதையைச் சொன்னாள்.

 சுபிதா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணுமா?"

போட்டால் சொர்ணம்மாள் தாலியைக் கழற்ற வேண்டும். மகள் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சாவை அவர் சுகமாக எடுத்துக்கொண்டு தாலியறுப்பை அவளுக்கு விட்டிருந்தார்.

"ஒண்ணும் போடாண்டாம். பேரு உள்ளபடி இருக்கட்டு. ஒன் கையப் பிடிச்சுக் குடுக்கது நான்."

"வேண்டாம்மா." பதில் உடனே வந்தது. "தாணு சித்தப்பாவும் சித்தியும் நிக்கட்டு. இல்லன்னா மாப்பிள்ள வீட்டுல காலம் முழுக்க என்னையச் சொல்லிக் காட்டுவாவ."

"பின்ன நான் எங்க நிக்கட்டும் மக்கா?"

சுபிதா யோசித்தாள். அதற்கு அவள் யோசிக்க வேண்டியிருந்தது என்பதே சொர்ணம்மாளுக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது.